கைப்பையில் ஏறாத சாமிப்படம்

எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது விசா கிடைத்தால் அந்தச் செய்தி முதலில் கோயிலுக்குப் போகும், அடுத்ததாக எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி அன்ரிக்குப் போகும். கோயிலுக்கு நாங்களே போய்ச் சொல்வோம். அன்ரிக்கு யாரும் சொல்வதில்லை, எப்படியோ தெரிந்துவிடும். பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "எங்கை பிள்ளை, கைப்பை?" என்று கேட்டபடி உள்ளே வருவார். பெரிய பெட்டியைத் திரும்பியும் பார்க்கமாட்டார். கைப்பையைத் தூக்கிக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்குவார்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இருக்காது. நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மின்சார பில்கூட வீட்டுக்காரரின் பெயரில்தான் வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார் என்பதும், அன்று அவர் கொண்டுவந்தது ஒரேயொரு பை என்பதும் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கொழும்பின் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை எங்களுடையது. வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில். அதனால் ஒருவர் பறக்கிறார் என்றால் ஒழுங்கையே அவரோடு சேர்ந்து பறக்கப் பார்க்கும். மேல்வீட்டு மகளுக்கு மிளகாய்த்தூள், எதிர்வீட்டு மருமகனுக்குப் பனங்கட்டி, யாரோ ஒருவரின் சம்பந்திக்கு ஒடியல் மா. "ஒரு சின்னப் பார்சல்தான் பிள்ளை" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். வேண்டாமென்றால் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர். பெட்டி நிறைந்துவிட்டது என்றால், "அப்ப கையில கொண்டு போவன்" என்பார்கள். கைப்பைக்கு ஏழு கிலோ என்று ஒரு கணக்கு இருப்பது அவர்களுக்கும் தெரியும். அது மற்றவர்களின் பார்சலுக்கு என்று நினைப்பு.

அன்ரிக்கு அந்தப் பார்சல்களைக் கண்டால் ஆகாது. "இதுக்குள்ள என்ன?" என்பார். "மிக்சர்தான் அன்ரி." "நீ பாத்தனியோ?" "தந்த ஆள் சொன்னவ." "அப்ப நீ பாக்கேல்லை." கத்தரிக்கோலை எடுப்பார். ஒட்டிய பார்சலை வெட்டிப் பிரித்து, மிக்சரைத் தட்டில் கொட்டி, விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கட்டுவார். பார்சல் தந்தவர் முன்னால் நின்றால்கூட அவருக்குக் கூச்சம் கிடையாது. இதனால் ஒழுங்கையில் பாதிப்பேர் அவரோடு கதைப்பதில்லை. மீதிப்பேர் அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

"கைப்பை எண்டா கையால தூக்கக்கூடியது எண்டு நினைக்காதேங்கோ," என்று அடிக்கடி சொல்வார். "கேட்டவுடன கையால திறந்து காட்டக்கூடியது. அதுதான் கைப்பை."

சட்டதிட்டங்களில் அவரை மடக்க முடியாது. தேசிக்காய் ஊறுகாய் அவர்களுக்குத் தண்ணிக் கணக்கு, கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் போத்தல் ஏறாது. பவர் பாங்க் பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது, கையில்தான் வரவேண்டும். கண்ணாடி வீட்டு மாமி ஒருமுறை கைப்பையில் பாக்குவெட்டி வைத்திருந்தார். வாய்க்குப் பாக்கு இல்லாமல் பத்து மணித்தியாலம் எப்படி இருப்பது என்பது அவருடைய கவலை. அன்ரி பாக்குவெட்டியைத் திறந்து மூடிக் காட்டி, "இதால உங்களுக்குப் பாக்கு வெட்டலாம். அவனுக்கு இது கத்தி," என்றார். மாமி பாக்கைச் சீவி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போனார்.

என் தொலைபேசியில் விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்வார். "போன மாசம்தானே வாசிச்சனான் அன்ரி" என்றால், "அது போன மாசத்துச் சட்டம். இண்டைக்கு வாசி," என்பார். அவர் ஒரு தடவையாவது விமான நிலையப் பக்கம் போனதாக யாரும் கண்டதில்லை. போகாத ஊருக்கு இந்த மனுசி ஏன் இவ்வளவு வழி வைத்திருக்கிறது என்று நான் அம்மாவிடம் பகிடி பண்ணுவேன்.

பைக்குள் எல்லாம் சரியென்று கண்டபின் ஒரு பரீட்சை வைப்பார். அதைத்தான் நான் விரும்புவதில்லை. கட்டிலிலிருந்து எழுந்து மேசைக்குப் பின்னால் போய் நிற்பார். பயணம் போகிறவர் முன்னால் நிற்க வேண்டும். அன்ரி ஆங்கிலத்தில் கேட்பார்: இந்தப் பையை நீங்களே கட்டினீர்களா? கட்டிய பிறகு உங்கள் கண்ணைவிட்டுப் போனதா? யாராவது கொண்டுபோகச் சொல்லி ஏதாவது தந்தார்களா?

கடையில் பாணுக்குக்கூடச் சிங்களத்தில் இரண்டு சொல் பேசித் தப்பிப்பவர் அவர். ஆங்கிலம் வராது. ஆனால் இந்த மூன்று கேள்வியும் ஒரு பிசிறில்லாமல் வரும். குரல் மாறும், கண் மாறும். கேட்டு முடித்ததும் எங்களுக்கு விளங்காத ஏதோ ஒரு பாஷையில் அதையே திரும்பவும் கேட்பார். அது எந்தப் பாஷை என்று கேட்டதற்கு, "ஆருக்குத் தெரியும், காதில விழுந்தது," என்றார். அந்த நேரத்தில் அந்த அறையில் நிற்க எனக்குப் பயமாக இருக்கும்.

இன்னொன்றையும் நான் கவனித்திருந்தேன். மூடிய கதவுக்கு முன்னால் வந்தால் அன்ரி தட்டமாட்டார், கைபிடியையும் தொடமாட்டார். கையிரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு நிற்பார். ஒரு மழை நாள் நான் வேலையால் வந்தபோது எங்கள் வாசலில் அப்படித்தான் நின்றார், எவ்வளவு நேரமோ தெரியாது. "மணி அடிச்சிருக்கலாமே அன்ரி" என்றேன். "திறப்பாங்கள் தானே," என்றார். அவருடைய சொந்த வீட்டுக் கதவு மட்டும் எப்போதும் விரியத் திறந்து கிடக்கும். கடற்காற்று அடித்து ஒரு நாளும் சாத்தாதபடி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். குவைத்தில் வீட்டுவேலை செய்தவர், அங்கே கொடுமைப்படுத்திவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். அம்மாவும் அதையே நம்பினார்.

பிறகு என் தங்கை வாணியின் முறை வந்தது.

பதிவுத் திருமணம் முடித்து அவளை இங்கே விட்டுவிட்டு ரொறன்ரோவுக்குப் போனவர் என் மைத்துனர். இரண்டு தரம் அவளுக்கு விசா மறுத்தார்கள். மூன்றாவது தரம் கிடைத்தபோது அம்மா வெள்ளவத்தையில் தேங்காய் உடைக்காத கோயில் இல்லை. உடைத்த பாதித் தேங்காய்களை மொட்டைமாடியில் காயவைத்து, மருமகனுக்கு என்று வாணியின் கைப்பையில் வைத்திருந்தார். முதல் நாள் பின்னேரம் அன்ரி வந்து கவிழ்த்துக் கொட்டியபோது அவைதான் முதலில் உருண்டன.

"கொப்பறா ஏத்தமாட்டாங்கள்," என்றார் அன்ரி. "எண்ணெய்ச் சாமான். எரியிற லிஸ்டில கிடக்கு."

"சாமிக்கு உடைச்சது அன்ரி."

"ப்ளேனுக்குத் தெரியாது, பிள்ளை." அடுத்து ஒரு சிறிய பொலித்தீன் பையை விளக்குக்கு நேரே பிடித்தார். "இது?"

"திருநீறு," என்றார் அம்மா, கோபத்தை அடக்கிக்கொண்டு.

"எனக்கும் உங்களுக்கும் திருநீறு. மேசைக்கு அங்காலை நிக்கிறவனுக்கு வெள்ளைத்தூள். கோயில் பேர் அடிச்ச பெட்டியோட பெரிய பெட்டிக்குள்ள வையுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வாசலில் சந்தனப்பொட்டு அண்ணை வந்து நின்றார்.

அவரைக் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். எந்த வேலையில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அன்னதானத்தில் வாளியோடு ஓடுவார், வயதானவர்களைக் கைபிடித்துப் படியிறக்குவார், நெற்றியில் சந்தனம் காய்ந்து பார்த்ததில்லை. கையில் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு படம் இருந்தது. துணியை விலக்கி அம்மாவுக்குக் காட்டினார். மயிலோடு முருகன், தடித்த மரச் சட்டம், கண்ணாடி.

"தம்பி ரொறன்ரோவில வீடு வாங்கியிருக்கிறான் அம்மா. சாமியறைக்கு ஒரு படம் கேட்டவன். பெட்டிக்குள்ள போட்டா கண்ணாடி உடைஞ்சிடும். தங்கச்சி கையில கொண்டு போனா, அவன் எயார்போட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளுவான்."

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமியே வழித்துணைக்கு வருகிறது என்று அவருக்குச் சந்தோஷம். அன்ரி கட்டிலிலிருந்து எழும்பாமல், "பின்பக்கத்தை ஒருக்காத் திறந்து பாப்பம்," என்றார்.

அண்ணை சிரித்தார். "பூசையில வைச்சு மூடினது அன்ரி. பிரிக்கக்கூடாது. சாமியையுமோ சோதிக்கப் போறியள்?"

"அன்ரி, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ," என்றார் அம்மா. அவர் அப்படி ஒரு பெரிய மனுசியிடம் கதைத்து நான் கேட்டதில்லை.

அன்ரி எழும்பினார். மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வாணியைப் பார்த்து, அந்தக் குரலில், அந்த மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்டார். யாராவது கொண்டுபோகச் சொல்லி ஏதாவது தந்தார்களா?

வாணி பழகியபடி 'நோ' என்று வாயெடுத்தாள். முருகன் படம் அம்மாவின் கையில் இருந்தது. அதைப் பார்த்தாள். இரண்டு தரம் விசா மறுத்த கடிதம் வந்த நாட்களில் இந்தப் பிள்ளை குளியலறைக்குள் இருந்து அழுதது எனக்கு நினைவு வந்தது. அந்த மேசைக்கு முன்னால் ஒரு பொய்யோடு நின்றால் அவளுடைய வாழ்க்கை அங்கேயே முடியும். அது அவளுக்கும் அந்த நொடியில் விளங்கியிருக்க வேண்டும். அம்மாவின் கையிலிருந்து படத்தை வாங்கி அண்ணையிடம் நீட்டினாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. திறந்து பாக்காமல் என்னால கொண்டு போகேலாது."

"அதுக்கென்ன தங்கச்சி, போற ஆக்கள் எத்தினை பேர்," என்று அவர் பட்டுத் துணியைத் திரும்பச் சுற்றினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. போகும்போது அன்ரியை ஒருமுறை பார்த்தார். முகவரியைப் பாடமாக்குகிறவர் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை, சாமியைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று.

மறுநாள் காலை வான் வந்தபோது அதற்குள் அன்ரி ஏறி உட்கார்ந்திருந்தார். எங்கள் யாரையும் கேட்கவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் எங்களோடு சேர்ந்து இறங்கினார். வாணி உள்ளே போனாள், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று கையசைத்தாள், அம்மா அழுதார், நானும் அழுதேன். திரும்பி நடக்கும்போதுதான் அந்தச் சிவப்புத் துணி கண்ணில் பட்டது.

தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நின்றார். புது ஸ்வெட்டர், புதுச் சப்பாத்து, கழுத்தில் தொங்கும் கடவுச்சீட்டுப் பை. தனியாகப் போகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. சுற்றிவர மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். படம் அவருடைய நெஞ்சோடு அணைத்தபடி இருந்தது. பக்கத்தில் சந்தனப்பொட்டு அண்ணை, அவருடைய தோளைத் தட்டித் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, வேண்டாம்," என்றேன். என்ன வேண்டாம் என்று எனக்கே தெரியாது.

அவர் நேரே அந்த அம்மாவிடம் போனார். "முருகனே அம்மா? ஒருக்காக் கண்ணில ஒத்திப்போட்டுத் தாறன்," என்றார், வெகு பணிவாக. அந்த அம்மா சந்தோஷமாகக் கொடுத்தார். அன்ரி படத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்தினார். பிறகு கையை விரித்தார். நழுவவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். விரித்தார்.

சீமெந்துத் தரையில் விழுந்த சத்தத்துக்கு ஆட்கள் திரும்பினார்கள். "ஐயோ முருகா!" என்று அந்த அம்மா தலையில் கைவைத்தார். பயணத்தின் வாசலில் சாமிப்படம் உடைவதைவிடக் கெட்ட சகுனம் எங்கள் சனத்துக்கு இல்லை. மருமகள் குளறினாள். மகன் அன்ரியின் தோளில் பிடித்துத் தள்ளினான். "விசரே உனக்கு? ஆரடி நீ?" அன்ரி விழாமல் நின்றுகொண்டு அந்த அம்மாவிடம் மட்டும் கதைத்தார்.

"உடைஞ்ச கண்ணாடி அம்மா. இனி இதைக் கைப்பையில ஏத்தமாட்டாங்கள். நீங்கள் சுகமாப் போட்டு வாங்கோ."

எல்லோரும் அன்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஏனோ கீழே பார்த்தேன். சட்டத்தின் ஒரு மூலை பிரிந்து, பின்பலகை வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவின் மேல், முருகனின் மேல், சந்தனப்பொட்டு அண்ணை தன் செருப்புக் காலை வைத்திருந்தார். தவறி மிதித்த கால் இல்லை. அழுத்தி வைத்த கால். காலில் படம் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற சனம் நாங்கள். அவர் காலை எடுக்கவேயில்லை. பட்டுத் துணியைக் கீழே போட்டு, படத்தைக் காலடியிலிருந்து இழுத்துச் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்ததையும் கண்டார்.

"பரவாயில்லை, பரவாயில்லை, சாமி பொறுக்கும்," என்று எல்லோரையும் ஆற்றினார். மகனை அன்ரியிடமிருந்து விலக்கியதுகூட அவர்தான். பிறகு குனிந்து, சுகம் விசாரிக்கிற குரலில் கேட்டார். "அன்ரி எந்த மாடி?"

"மூண்டாம் மாடி," என்றார் அன்ரி. "கதவு பூட்டுறேல்லை."

வானில் ஏறியதும், "மல்லி, யமு," என்று சாரதியிடம் சிங்களத்தில் சொன்னார், தம்பி போவம் என்று. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பொலிசுக்குப் போவோமா என்று கேட்டேன்.

"என்னத்தைக் காட்டுறது? படம் அவனிட்ட. நீ கண்டது ஒரு காலை. பொலிஸ் முதல் கேக்கிறது என்ர பேரை. என்ர பேரை அடிச்சுப் பாத்தா என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும்."

வான் களனிப் பாலத்தைத் தாண்டியது. பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"எனக்குத் தந்தது ஒரு பொம்மை. நல்ல சனம், பிள்ளைக்குப் பிறந்தநாள் எண்டு தந்தவை. பையை நீயே கட்டினியோ எண்டு கேட்டாங்கள். ஓம், நான்தான் கட்டினன் எண்டு சொன்னன். மனுசரை நம்பிச் சொன்ன ஒரு சொல், பிள்ளை. போகேக்க என்ர மகளுக்குப் பால்பல் விழேல்லை. வெளியில விடேக்க அவளுக்குக் கலியாணம் முடிஞ்சுது." என் பக்கம் திரும்பி, "என்ரையை ஒருத்தரும் உடைக்கேல்லை," என்றார்.

அம்மா முன் சீற்றிலிருந்து திரும்பினார். அன்ரியின் முழங்காலில் கைவைத்து, வெள்ளவத்தை வரும்வரை எடுக்கவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு காலை மூன்றாம் மாடிக் கதவு சாத்தியிருந்தது. நாங்கள் அந்தக் கதவைச் சாத்திக் கண்டதேயில்லை, அதன் வெளிப்பக்கம் பச்சை நிறம் என்பதே அன்றுதான் தெரிந்தது. செங்கல் படியோரம் கிடந்தது. வீட்டுக்காரர் வந்து திறந்தார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது, விரிப்பு மடித்திருந்தது. அவர் கொண்டுவந்த அந்த ஒரே பையைக் காணவில்லை. பை இல்லாததால் அவராகத்தான் போயிருக்கிறார் என்று அம்மா சொல்வார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனையில் தெருத் தெருவாகக் கேட்டுப் பார்த்தேன். பெயர் தெரியாத ஒருவரை எப்படித் தேடுவது? மூடிய கதவுக்கு முன்னால் கைகோத்து நிற்கும் ஒரு மனுசியைக் கண்டீர்களா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

சந்தனப்பொட்டு அண்ணை கோயிலுக்கு வருகிறார். வாளியோடு ஓடுகிறார். கால் ஒன்றைக் கண்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சாமிப்படத்தை உடைத்த விசர் மனுசி ஓடிவிட்டாள் என்றுதான் ஒழுங்கை பேசுகிறது.

போன கிழமை கீழ்மாடிப் பிள்ளைக்கு மெல்பேர்ண் போக விசா வந்தது. பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நான் இறங்கிப் போனேன். சந்தனப்பொட்டு அண்ணை எனக்கு முன்னமே வந்திருந்தார். இந்தமுறை கண்ணாடி இல்லை. சாமிக்குச் சாத்திய பட்டு என்று ஒரு தடித்த திண்டு, நான்கு பக்கமும் நெருக்கித் தைத்தது. "இது விழுந்தாலும் உடையாது, கையில கொண்டு போகலாம்," என்று அந்தப் பிள்ளையின் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கத்தரிக்கோல் கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம். தாய் விழித்தாள். அவர் திண்டை மெல்ல எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கோபமேயில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி எந்த மாடி?"

"ரெண்டாம் மாடி," என்றேன். "கதவு பூட்டுறேல்லை."

அது பொய். எங்கள் கதவுக்கு இரண்டு பூட்டு. அவர் போனதும் காலி வீதிக்கு ஓடிப்போய் மூன்றாவதையும் வாங்கி வந்தேன்.